உழைப்பவளுக்கு உரித்தும் வேண்டும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பனையின் இளங்குருத்தாகிய சார்வோலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, மெல்லியதாக வார்ந்து, பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி முதல் கடகம் வரை இழைப்போர் பெரும்பாலும் பெண்களே. 1978இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்ட பின்னரும் அவர்களுட் பலர் உரிமையாளராக உயரவில்லை. சீதனக் காணி தம் பெயரில் இருந்தும், யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமாகிய தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி அதனை விற்கவோ ஈடுவைக்கவோ இயலாதவாறு 1911ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் வகுத்த விதி, முதல் தேடுவோருக்குப் பெருந்தடையாயிற்று. போரிற் கணவன் காணாமலாக்கப்பட்டவளும் அச்சம்மதத்துக்கு ஈடான அனுமதியை நீதிமன்றில் கோர நேர்ந்தது பெருங்கொடுமை. வழியற்றோர் பலர், பிணைப்பொருளின்றிக் கொடுத்துத் தவணைமுறையில் அறவிடப்படும் நுண்கடனை நாடி, அதன் கடும் வட்டியில் அமிழ்ந்தனர். குறைந்த வட்டித் தொழிற்கடனைப் பெண்ணின் தனிக் கையொப்பத்துக்கே வழங்க அரச வங்கிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் தாமதமின்றி முன்வர வேண்டும்.