ஆறிய மண்

மொட்டைமாடியில், பழைய தார்ப்பாய் ஒன்றின்மேல், ஒரு கூடைத் தோட்டமண் மூன்றாவது முறையாக வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது. கூடத்து ஜன்னலருகே வெறுமையாக நிற்கும் இரண்டடிக் கண்ணாடித் தொட்டிக்குள் போகவேண்டிய மண் அது. தொட்டியில் செடிகளும் மீன்களும் குடியேறிய பிறகு, வருகிறவர்கள் அவற்றின் சௌந்தரியத்தைப் பற்றியே பேசுவார்கள். அடியில் கறுத்துக் கிடக்கும் மண்ணை யாரும் விசாரிப்பதில்லை. எனக்கோ, இத்தனை வருஷத்து அனுபவத்துக்குப் பின், இந்த வித்தையில் முக்கால் பங்கு மண்ணைப் பக்குவப்படுத்துவதிலேயே இருக்கிறது என்ற அபிப்பிராயம் திடப்பட்டுவிட்டது.

முதன்முதலில் தொட்டி வைத்தபோது, செடி என்றால் உரம் வேண்டும் என்ற பொது ஞானத்தை நம்பி, ரோஜாவுக்கென்று பாதிக்குப் பாதி தொழுவுரம் கலந்து வைத்திருந்த மண்ணை அப்படியே அடியில் பரப்பி, மேலே மணலைத் தூவி, ஜலம் நிரப்பி, மறுநாளே ஆறு கப்பி மீன்களையும் விட்டேன். நாலைந்து தினங்களில் ஜலம் கஷாய நிறம் கொண்டது. மணலைத் துளைத்துக்கொண்டு குமிழிகள் எழுந்தன. அழுகிய முட்டையின் நாற்றம் கூடமெங்கும் பரவியது. மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியபடி, இரண்டே நாளில் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்தன. என் அவசரத்தால் அவை உயிரிழந்தன என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு. அச்சமயம் ஊரிலிருந்து வந்திருந்த பெரியப்பா, காவிரிக்கரையில் ஐம்பது வருஷம் நெல் பயிரிட்டவர், தொட்டியைக் குனிந்து பார்த்துவிட்டு, “மண்ணு ஆறலையேப்பா, பச்சை எருவைத் தண்ணிக்குள்ள போட்டு மூடினா அது கொதிக்கத்தானே செய்யும்” என்று மாத்திரம் சொன்னார்.

ஆறுவது என்று அவர் சொன்னதன் ரசாயனம் எனக்குப் பின்னால்தான் விளங்கிற்று. மக்காத எருவை நுண்ணுயிர்கள் தின்னும்போது அமோனியா பிறக்கிறது. அது மீனின் செவுளுக்கு விஷம். அதே வேலைக்காக அவை ஜலத்திலுள்ள பிராணவாயுவையும் உறிஞ்சிவிடுவதால் மீனுக்குச் சுவாசமும் தடைப்படுகிறது. தொட்டிக்குள் நடந்து மீனைக் கொல்லும் இந்தக் கொதிப்பை முன்கூட்டியே வெளியில், காற்றும் வெயிலும் படும் இடத்தில், நடத்தி முடித்துவிடுவதுதான் மண்ணை ஆற்றுவது. மண்ணைச் சலித்து, வாளியில் போட்டு, மூழ்கத் தண்ணீர் விட்டு, இரண்டு நாள் ஊறவைத்து, மிதக்கும் சுள்ளியையும் சருகையும் அரித்தெடுத்து, மேல்நீரை வடித்துக் கொட்டிவிட்டு, சேற்றைப் பரப்பி உலர்த்தவேண்டும். உலர்ந்ததும் கட்டிகளை உடைத்து மறுபடி ஊறவைக்கவேண்டும். நனைந்து நனைந்து உலரும் ஒவ்வொரு சுற்றிலும் கரையக்கூடிய உப்புகள் வடிநீரோடு போகின்றன; அமோனியா, பாக்டீரியாக்களின் உழைப்பால் நைட்ரேட்டாக மாறுகிறது. மூன்று நான்கு சுற்றில் எருவின் வாடை போய், முதல் மழையில் நுகர்வோமே, அந்த வாசனை மாத்திரம் மிஞ்சும். நான் எந்தக் கருவியையும்விட என் மூக்கையே இதற்குப் பிரமாணமாகக் கொள்கிறேன்.

ஆறிய மண்ணில் பத்தில் ஒரு பங்கு குயவர் களிமண்ணைக் கலப்பது என் வழக்கம். களிமண்ணில் இரும்பு மிகுதி. ஜலத்தில் மூழ்கிய மண்ணில் பிராணவாயு சீக்கிரமே தீர்ந்துபோகிறது. அதன் பிறகு அங்கே வாழும் நுண்ணுயிர்கள் துருவாக இறுகிக் கிடக்கும் இரும்பை, வேர்கள் உறிஞ்சக்கூடிய கரையும் வடிவத்துக்குக் கொண்டுவருகின்றன. அத்துடன் பிணைந்திருந்த பாஸ்பேட்டும் விடுபடுகிறது. நெல்வயலின் சேற்றிலும் நடப்பது இதுவே. ஒரு நெற்பயிரைப் பிடுங்கி அலசிப் பாருங்கள்: வேரின்மேல் செம்மை படர்ந்திருக்கும். இலை வழியே இறங்கிய காற்றை வேர் சேற்றுக்குள் கசியவிட, அதைத் தொட்ட இரும்பு மீண்டும் துருவாகிப் படிந்த சுவடு அது. தன்னைச் சுற்றிலும் அந்த அழுகிய முட்டை நாற்றத்து விஷவாயு மண்டாதபடி வேரே செய்துகொள்ளும் இந்த ரக்ஷையை முதன்முதலாக அறிந்தபோது எனக்கு உண்டான ஆச்சரியம் இன்னும் தணியவில்லை. ஆகவேதான் முதல் நாளிலேயே தொட்டி நிறையச் செடிகளை நெருக்கி நட்டுவிடவேண்டும் என்கிறேன். வேரில்லாத இடத்து மண்தான் நாறும்.

லண்டன் ரசாயன சங்கத்தில் 1850ஆம் வருஷம் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன அறிஞர் வெளியிட்ட பரிசோதனையிலும் அடியில் இருந்தவை மணலும் சேறும்தான். ஏறக்குறைய 54 லிட்டர் கொள்ளும் பாத்திரத்தில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா செடியையும் வைத்தார். அழுகிய இலைகளால் ஜலம் கலங்கியபோது, அவற்றைத் தின்பதற்கு நத்தைகளை விட்டார். பிறகு ஜலம் தெளிந்தது. இடையில் சரளையும் யந்திரங்களும் வந்து மண்ணை ஒதுக்கிவைத்த காலம் நீண்டது. அமெரிக்காவில் டயானா வால்ஸ்டாட் 1999இல் வெளியிட்ட நூல், சாதாரணத் தோட்டமண்ணுக்குத் தொட்டியில் மறுபடியும் மதிப்பைத் தேடித் தந்தது. நீர்ச்செடிகளில் பல, நைட்ரேட்டைவிட அமோனியத்தையே விரும்பி உண்கின்றன என்பது அதில் அவர் விரிவாக விளக்கும் சங்கதி.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. மண் ஓர் அங்குலம், மிஞ்சினால் ஒன்றரை. அதன்மேல் இரண்டு மூன்று மில்லிமீட்டர்ப் பொடிச்சரளை ஓர் அங்குலம். கனமாகப் போட்டால் செழிப்பு கூடும் என்று எண்ணி மூன்று நான்கு அங்குலம் போடுகிறவர்கள், வேர் எட்டாத ஆழத்தில் நாற்றத்தைச் சேமித்து வைக்கிறார்கள். மாவுபோன்ற மணலும் ஆகாது. ஜலம் மேலும் கீழும் போய்வர அது இடம் கொடுப்பதில்லை.

இன்று சாயங்காலம் மண்ணைப் பிடித்துப் பார்த்தேன். விரலிடையே பொலபொலவென்று உதிர்கிறது, வாடை இல்லை. ஆயினும் இன்னொரு முறை ஊறவைக்கப் போகிறேன். அது உலர்ந்தபின், களிமண் சேர்த்துக் குழைத்துப் பரப்பி, சரளை மூடி, ஒரு வாழையிலையை அதன்மேல் கிடத்தி, சேறு கலங்காதபடி இலையின்மேல் மெல்ல ஜலம் ஊற்றவேண்டும். நீர்ப்பிரமியும் வாலிஸ்னேரியாவும் பக்கத்து வாளியில் வேரோடு காத்திருக்கின்றன. மீன்களை, செடி புதுத்தளிர் விட்ட பிறகே அழைத்துவரலாம் என்றிருக்கிறேன்.