விதி 7 கேட்கும் ஆள்

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நம் தகவல் பாதுகாப்பு வேலையைத் தொடும் கடமைகள் 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும். குறியாக்கம், அணுகல் கட்டுப்பாடு, ஓராண்டு லாக் என விதி 6 கேட்பவற்றில் நமக்குச் சண்டை இல்லை. விதி 7-இல் இருக்கிறது. தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குத் தர வேண்டிய விவரங்களில் ஒன்று, கசிவுக்குக் காரணமான நபரைப் பற்றித் தெரியவந்தவை.

நபர் என்ற சொல்லை நிர்வாகங்கள் எப்படிப் படிக்கும் என்று நமக்குத் தெரியும். தாக்கியவன் யாரென்று மூன்று நாளில் பெரும்பாலும் தெரியாது. லிங்க்கை அமுக்கிய குமாஸ்தாவின் பெயர் மூன்று நிமிடத்தில் கிடைத்துவிடும். அறிக்கையில் அதுதான் ஏறும்.

சில ஆண்டுகளுக்கு முன் பூதிகோட்டையில் ஓர் அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கணக்கெழுதும் பெண் காலை பத்தரைக்கு இன்வாய்ஸ் என்று வந்த கோப்பைத் திறந்து, மேக்ரோவை அனுமதித்திருக்கிறார். ஏதோ தப்பு என்று பட்டதும் நெட்வொர்க் வயரைத் தானே பிடுங்கிவிட்டார். யாரும் சொல்லிக்கொடுக்காமல் செய்த சரியான காரியம். ஆனால் மாலைவரை வாய் திறக்கவில்லை. அதற்கு முந்தைய மாதம் இதே தவறுக்கு ஒருவருக்கு மெமோ கொடுத்திருந்தார்கள். இந்தப் பெண்ணின் பாஸ்வேர்டோடு போனவர்கள் மதியமே சர்வருக்குள் நுழைந்திருந்தார்கள். மேக்ரோவைப் பாலிசியிலேயே முடக்காதவருக்கும் எம்எஃப்ஏ வைக்காதவருக்கும் மெமோ போகவில்லை. நான் போனபோது வயரின் முனை இன்னும் அவர் மடியில் கிடந்தது.

சம்பவத்தைத் தெரிவிக்க சர்ட்-இன் 2022-இல் விதித்த 6 மணி நேரக் கெடுவும் இப்படிப்பட்டவர் வாய் திறந்தால்தான் நமக்குப் பயன்படும். பயந்தவர் சொல்ல மாட்டார். எத்தனை லட்சத்துக்கு இடிஆர் வாங்கினாலும் அந்த மௌனத்தை ஈடுகட்ட முடியாது.

ஆளைச் சந்தேகித்துத் தொடங்கும் பாதுகாப்பைக் கோலார் தங்கவயல் ஏற்கனவே பார்த்திருக்கிறது. 1930-இல் சுரங்கத் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிய வந்தபோது அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் டெல்லிக்கு அது எட்டவில்லை. 2025 ஜனவரி வரைவிலேயே விதி 7-இன் இந்த 'நபர்' வரி இருந்தது. கருத்துக் கேட்டார்கள், இறுதி விதியிலும் விட்டுவைத்தார்கள். 250 கோடி ரூபாய் வரை அபராதம் தலைக்குமேல் தொங்கும்போது, நிர்வாகம் யாரை முன்னால் தள்ளும் என்று அமைச்சகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லையா? மாதச் சம்பளக்காரரின் பெயர்தானா அவர்களுக்கு வேண்டும்?

தவறைத் தானே வந்து சொன்ன ஊழியர் இந்த 'நபர்' ஆகமாட்டார் என்று 2027 மே மாதத்துக்குள் எழுத்தில் விளக்கம் வர வேண்டும். அதுவரை அறிக்கையை எழுதப்போவது நாம்தான். 'நபர்' என்ற இடத்தில் மேக்ரோ ஏன் திறந்திருந்தது, எம்எஃப்ஏ ஏன் இல்லை, யார் ஒப்புதல் தராமல் நிறுத்தினார் என்று எழுதுங்கள்.