கோழிக்குஞ்சு வழங்குவோரிடம் சில கேள்விகள்

2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டைகள் கப்பலேறி வந்தபோது, முட்டைக்கும் வக்கற்ற நாடாகிவிட்டோமே என்று கேலி செய்தவர்கள் பலர். அந்நிலைமை எவ்வாறு உண்டாயிற்று என்று விசாரித்தவர்கள் சிலரே. 2021இல் இரசாயன உரத்துக்கு விதிக்கப்பட்ட தடையினால் சோள விளைச்சல் வீழ்ந்தது. கோழித் தீவனத்தின் பெரும்பகுதி சோளமே. 2022இல் டொலர் தட்டுப்பாடு வந்ததும் தீவனப் பொருள்களோடு, குஞ்சு பொரிக்கும் பண்ணைகளுக்கு வேண்டிய பெற்றோர்க் கோழிகளின் இறக்குமதியும் சுருங்கியது. நாம் உண்ணும் முட்டையை இடுகின்ற கோழியின் தாய் தந்தையர் கடல் கடந்து வரவேண்டியவர்கள் என்ற செய்தி, நம்மிற் பலருக்கு அப்போதுதான் தெரியவந்தது.

அதன் பின்னர் வீட்டுக்கோழி வளர்ப்புக்குப் புதிய மவுசு ஏற்பட்டிருக்கிறது. ஆனால் வடக்கு கிழக்கைப் பொறுத்தவரையில் இது புதிதன்று. 2009இல் போர் முடிந்து மக்கள் மீளக் குடியேறிய காலம் முதலாக, பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவியென வழங்கப்பட்டவற்றுள் கோழிக்குஞ்சுக்கு முக்கிய இடமுண்டு. அரச திணைக்களங்களும் தொண்டு நிறுவனங்களும் வழங்கின. புலம்பெயர்ந்த நம்மவர்களின் ஊர்ச்சங்கங்களும் வழங்கின, இன்றும் வழங்குகின்றன. இது நல்ல காரியம் என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் குஞ்சுப் பெட்டி கைமாறும் வேளையில் கேட்கப்படவேண்டிய ஒரு கேள்வி பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. அவை என்ன குஞ்சுகள்?

போர் முடிந்து சில ஆண்டுகளின் பின் வன்னிக் கிராமமொன்றில் ஒரு தாயாரைச் சந்தித்தேன். ஒரு நிறுவனம் அவருக்கு இருபது குஞ்சுகளை வழங்கியிருந்தது. எல்லாம் வெளிர்மஞ்சள் நிறம், பார்க்க அழகு. தீவனத்தைக் கடைக்காரரிடம் கடனுக்கு வாங்கினார். இரண்டாம் மாதம் முடிவதற்குள் கொண்டைகள் சிவந்து உண்மை வெளிப்பட்டுவிட்டது. “முட்டைக்கெண்டுதான் தந்தவை தம்பி. இப்ப விடியப்புறம் கூவி எழுப்புறதுக்கு இருபது பேர் இருக்கினம். முட்டைக்கு நான் கடைக்குத்தான் போறன்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கடன் மட்டும் சிரிப்பாயிருக்கவில்லை.

அந்தக் குஞ்சுகள் சேவல்கள் என்பது பொரித்த அன்றே தெரிந்திருக்கக்கூடிய விடயம். சிவப்பு முட்டையிடும் கலப்பினங்களைப் பொதுவாக நிறத்தைக் கொண்டே பால் பிரிக்கிறார்கள். றோட் ஐலண்ட் றெட் போன்ற செந்நிறச் சேவலையும், லைட் சசெக்ஸ் போன்ற வெண்ணிறப் பேட்டையும் சேர்த்தால், பிறக்கும் பேட்டுக்குஞ்சு தந்தையைப் போலச் செந்நிறமாகவும், சேவற்குஞ்சு தாயைப் போல வெளிர்நிறமாகவும் இருக்கும். இந்தப் பரம்பரை விதியைக் கொண்டு குஞ்சின் பாலை அறியலாம் என்பதை முதலாம் உலகப் போர்க் காலத்திலேயே கேம்பிறிட்ஜ் பேராசிரியர் புனெட் எடுத்துக்காட்டினார். நிறவேறுபாடு இல்லாத இனங்களுக்கு, குஞ்சின் கழிவாயைப் பார்த்துப் பால் அறியும் முறையை 1920களில் ஜப்பானியர் வகுத்தனர். ஆக, பண்ணையிலிருந்து புறப்படும் பெட்டியில் இருப்பது சேவலா பேடா என்பது விற்பவருக்குத் தெரியும். வாங்கி வழங்குபவர் கேட்பதில்லை, பெறுபவருக்கோ சொல்வாரில்லை.

முட்டையினச் சேவல், பண்ணைக்காரருக்குப் பயனற்ற பிறவி. முட்டையிடாது, புறொயிலரைப் போல ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோ இறைச்சியும் வைக்காது. ஆகவே உலகின் பல நாடுகளில் அவை பொரித்த அன்றே கொல்லப்படுகின்றன. ஜேர்மனி 2022 தொடக்கத்திலிருந்து இதனைச் சட்டத்தினால் தடைசெய்தது. கொல்லப்படாதவை மலிந்த விலைக்குச் சந்தைக்கு வருகின்றன. மலிவாகக் கிடைக்கும் குஞ்சை நாடிச் செல்லும் உதவித் திட்டங்கள் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

குஞ்சுகளைக் கண்ணால் அறிவதற்கும் சில அடையாளங்கள் உள்ளன. ஒஸ்ரலோப் குஞ்சு மேலே கறுப்பும் வயிற்றுப்புறம் வெளுப்புமாக இருக்கும். வரியுள்ள பிளிமத் றொக் குஞ்சு கறுப்பாக, தலையில் வெள்ளைப் பொட்டுடன் பிறக்கும். றோட் ஐலண்ட் றெட் துருவேறிய செந்நிறம். வெள்ளை லெக்கோணும் புறொயிலரும் மஞ்சள். ஊர்க்கோழியின் குஞ்சுகளோ ஒரே தாயின் கீழ்க் கறுப்பு, மஞ்சள், சாம்பல் என்று பலவிதமாக இருக்கும். காட்டுக்கோழிக் குஞ்சைப் போல முதுகில் பழுப்புக் கோடு ஓடியவையும் அவற்றுள் உண்டு. ஒரே பெட்டியில் நூறு குஞ்சும் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருந்தால் அது ஊர்க்கோழியன்று என்று துணிந்து சொல்லலாம். ஆனால் மஞ்சட்குஞ்சு லெக்கோணா, புறொயிலரா, கலப்பினச் சேவலா என்று அனுபவமில்லாதவர் முதல்நாளிற் பிரித்தறிவது கடினம். அதனாற்றான் வழங்குபவர் வாய்திறந்து சொல்லவேண்டும் என்கிறேன்.

இந்த அறியாமை வீட்டு முற்றத்தோடு நின்றுவிடவில்லை. 2022 ஆகஸ்டில் அரசாங்கம் முட்டைக்குக் கட்டுப்பாட்டு விலை விதித்தபோது வெள்ளை முட்டைக்கு 43 ரூபாவும் சிவப்பு முட்டைக்கு 45 ரூபாவும் என்று நிர்ணயித்தது. ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைக் காட்டுமேயன்றி முட்டையின் சத்தைக் காட்டாது.

சேவல் பேடு என்பதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. அது அடை கிடத்தல். பண்ணைக் கலப்பினம் ஆண்டுக்கு முந்நூறு முட்டை வரை இடும். ஊர்க்கோழி அதில் நாலில் ஒரு பங்கை இட்டாலே பெரிது. ஆனால் அது பத்துப் பன்னிரண்டு முட்டையின்மேற் கிடந்து, 21 நாளிற் பொரித்து, பிராந்துக்கும் கீரிக்கும் காவல் நின்று, கறையான் கிளறிக் கொடுத்துக் குஞ்சை வளர்த்துவிடும். கலப்பினத்திடம் அந்த இயல்பு பெருமளவு நீக்கப்பட்டுவிட்டது. அடை கிடக்கும் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும் என்பதே காரணம். தாயில்லாத குஞ்சுக்கு முதல் வாரத்தில் ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. மின்குமிழ் எரிக்க வசதியில்லாத குடிசையில் அதை யார் கொடுப்பது? ஒன்றரை, இரண்டு ஆண்டில் முட்டை குறைந்ததும் புதுக்குஞ்சுக்கு மீண்டும் பண்ணைக்கே போகவேண்டும். ஊர்க்கோழியைக் கொடுப்பது குலத்தைக் கொடுப்பது. கலப்பினத்தைக் கொடுப்பது ஒரு தலைமுறைக் கோழியை மட்டும் கொடுப்பது.

இவ்வாறு கூறுவதால் பண்ணைகளை மூடிவிட வேண்டுமென்று வாதிடுவதாக எவரும் எண்ணவேண்டியதில்லை. கொழும்பு மாநகருக்கு ஊர்க்கோழியைக் கொண்டு முட்டை வழங்க முடியாது. ஊர்க்கோழியும் குறையற்றதன்று, இராணிக்கேத் நோய் புகுந்தால் ஒரு கிழமையில் வளவே வெறுமையாகிவிடும். தீவனம் வாங்கவும் தடுப்பூசி போடவும் சந்தைக்கு முட்டை அனுப்பவும் வசதியுள்ள குடும்பத்துக்குக் கலப்பினப் பேடு நல்ல வருமானம் தரும். அந்த வசதி இல்லாத குடும்பத்துக்கு அதையே கொடுப்பது, கடனைக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே ஊருக்குப் பணம் அனுப்பும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். குஞ்சு வழங்கும் படத்தைக் கேட்டுப் பெறுவதற்கு முன்னர் சில கேள்விகளைக் கேளுங்கள். குஞ்சு என்ன இனம்? சேவல் எத்தனை, பேடு எத்தனை? இராணிக்கேத் தடுப்பு மருந்து கொடுக்கப்பட்டதா? தீவனச் செலவை யார் ஏற்பது? இவற்றுக்கு விடை தெரியாதவர்களின் கையிற் பணத்தைக் கொடுக்காதீர்கள். முடிந்தால் அந்த ஊரிலேயே அடைக்கோழி வைத்திருப்பவரிடம் குஞ்சுகளோடு தாயையும் விலைக்கு வாங்கி அயல்வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். செலவு குறைவு, பணமும் ஊரிலேயே தங்கும். படத்துக்கு அது அவ்வளவு எடுப்பாக இராது. ஆனால் அடுத்த ஆண்டு அந்த வீட்டுக்காரி இன்னொரு வீட்டுக்குக் குஞ்சு கொடுக்கக்கூடியவளாக இருப்பாள்.