சின்னத் துளை மேல அப்படி என்ன மோகம்?

தழும்பு சின்னதா இருந்தா ஆபரேஷனும் நல்ல ஆபரேஷன்தான்னு யாருங்க நம்ம மண்டையில ஏத்தினது? "இந்தக் காலத்துல போய் வயித்தைக் கிழிக்கிறாங்களா?"ங்கிற பேச்சைக் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு. பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி சரி. கருப்பையின் உட்சுவர்ல வர்ற புற்றுநோய்க்கும் சரி, அதை முறையா சோதிச்சே பார்த்துட்டாங்க. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு மட்டும் இந்தப் பருப்பு வேகல. நான் டாக்டர் இல்ல மக்களே, ஆனா கணக்குப் பார்க்கத் தெரியும்.

ஹூஸ்டன் எம்.டி. ஆண்டர்சன் மையத்தைச் சேர்ந்த பெட்ரோ ராமிரெஸ் தலைமையில 2008ல 'லாக்'னு ஒரு சோதனையை ஆரம்பிச்சாங்க. பல நாடுகள்ல 33 மருத்துவமனைகள். நோய் ஆரம்பக் கட்டத்துல இருந்த 631 பெண்களைக் குலுக்கல் முறையில ரெண்டாப் பிரிச்சாங்க. 312 பேருக்கு வயித்தைத் திறந்து, 319 பேருக்குத் துளை வழியா (பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பி, கொஞ்சம் ரோபோ). துளை முறை எந்த விதத்துலயும் சளைச்சதில்லன்னு காட்டத்தான் இத்தனை பாடும். கடைசியில 2017ல கண்காணிப்புக் குழுவே 'ஆள் சேர்த்தது போதும்'னு நிறுத்திட்டாங்க. 2018ல வெளிவந்த கணக்கு இது: நோய் திரும்ப வந்தது திறந்த முறையில 7 பேருக்கு, துளை முறையில 27 பேருக்கு. இறந்தவங்க 3 பேர், 19 பேர்.

இன்னொரு தடவை படிங்க. 3, 19.

உடனே வர்ற பதில் என்ன தெரியுமா? "அனுபவம் இல்லாத கை. நம்ம கையில இப்படி ஆகாது." அடப்பாவமே! இந்தச் சோதனையில சேர்ற மருத்துவமனைகள் குறைஞ்சது 10 கேஸோட விவரமும், வெட்டி ஒட்டாத ரெண்டு வீடியோவும் அனுப்பித் தேறினாத்தான் உள்ளே விடவே செஞ்சாங்க. "சரி, சீக்கிரம் எழுந்து நடமாடலாமே"ம்பாங்க. அதே சோதனையில நோயாளிகளோட வாழ்க்கைத் தரத்தையும் அளந்தாங்க. ஆறு வாரத்துலயே ரெண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல.

அதே 2018ல அமெரிக்காவுல 2010-13ல ஆபரேஷன் ஆன 2,461 பெண்களோட பதிவேடுகளையும் அலசினாங்க. நாலு வருஷத்துக்குள்ள இறந்தவங்க துளை முறையில 9.1 சதவீதம், திறந்த முறையில 5.3. லாக்கோட இறுதிக் கணக்கு 2024ல வந்தப்பவும் கதை மாறல.

ஏன் இப்படி? கருப்பையை அசைக்கக் கீழ்வழியா நுழைக்கிற கருவி கட்டியை உரசுதுங்கிறாங்க; வயித்தை உப்பவைக்கிற கார்பன் டை ஆக்சைடுங்கிறாங்க; கட்டி வயித்துக்குள்ளயே வெளிப்படுற மாதிரி வெட்டுறதுங்கிறாங்க. எதுவும் முடிவா நிரூபணமாகல. ரெண்டு சென்டிமீட்டருக்குக் குறைஞ்ச கட்டிகளுக்கு இது பொருந்துமாங்கிற வாதமும் நியாயமானதுதான், அதைத் தீர்க்கிற அளவுக்கு லாக்ல ஆள் இல்ல. ஆனா 'பொருந்தாது'ன்னு நிரூபிக்கிற வேலை அந்த முறையை விக்கிறவங்களோடது, படுக்கையில கிடக்கிறவங்களோடது இல்ல.

எனக்குக் கோபமே இங்கதான். ஒரு மாத்திரையை விக்கணும்னா சோதனை மேல சோதனை. கத்தி பிடிக்கிற முறையை மாத்துறதுக்கு? ரோபோவுக்கு அமெரிக்காவுல பெண்ணோயியல் ஆபரேஷன்களுக்கு 2005ல அனுமதி கிடைச்சுது. குலுக்கல் சோதனையோட முடிவு வர 2018 ஆச்சு. நடுவுல பதிமூணு வருஷம். "நல்லவேளை, பெரிய தழும்பு இல்ல"ன்னு நிம்மதியா வீட்டுக்குப் போன பெண்கள்ல எத்தனை பேர்கிட்ட 'இதை இன்னும் ஒப்பிட்டுப் பார்க்கலம்மா'ன்னு சொல்லியிருப்பாங்க?

டிஸ்கி: ஏற்கெனவே துளை வழியா ஆபரேஷன் ஆனவங்க இதைப் படிச்சுட்டுப் பயந்துடாதீங்க. 2024 கணக்குப்படி அந்தக் குழுவுலயும் நாலரை வருஷம் கழிச்சு 90.6 சதவீதம் பேர் உயிரோட இருந்தாங்க (திறந்த முறையில 96.2). செக்கப்பை மட்டும் தள்ளிப் போடாதீங்க.