பென்னு கல்லும் நம்ம ஊரு உப்பும்

1/ “விண்கல்லில் உயிர் கண்டுபிடிப்பு! மனிதன் ஏலியன் வம்சம்!” இப்படி ஒரு ஃபார்வர்ட் சுத்திக்கிட்டே இருக்கு மக்களே. கண்டுபிடிச்சது உயிர் இல்ல, உயிருக்கான மூலப்பொருள். ஆனா அந்த உண்மைச் செய்தி ஏலியன் கதையைவிட பெருசு. தூத்துக்குடிக்காரங்களுக்கு அது சட்டுனு புரியும். ஏன்னா அதுல உப்பு இருக்கு.

2/ நாசா 2016-ல் அனுப்பிய ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம், பென்னு என்ற சிறுகோளில் இருந்து மண்ணும் கல்லும் அள்ளியது. 2023 செப்டம்பர் 24 அன்று அது அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் வந்து இறங்கியது. மொத்தம் 121.6 கிராம். நம்ம உடம்பின் புரதங்களைக் கட்டும் 20 அமினோ அமிலங்களில் 14 அதில் இருந்தன. டிஎன்ஏ, ஆர்என்ஏ இரண்டிலும் உள்ள ஐந்து எழுத்து மூலக்கூறுகளும் இருந்தன. 2025 ஜனவரியில் முடிவுகள் வெளியாயின.

3/ ஒரு டாக்டரா எனக்கு முதல்ல வர்ற கேள்வி: இது கல்லுக்குள்ள இருந்ததா, நம்ம கைபட்டு ஒட்டுனதா? பிளட் கல்ச்சர் எடுக்கும்போது தோலை நல்லா துடைக்கலைன்னா, தோல்ல இருக்குற கிருமி பாட்டில்ல வளரும். ரிப்போர்ட்ல “கிருமி இருக்கு”ன்னு வரும். நோயாளி ரத்தத்துல ஒண்ணும் இருக்காது. அதனாலதான் ரெண்டு இடத்துல குத்தி எடுக்குறோம்.

4/ இந்தக் கேள்விக்கு அருமையா பதில் சொன்ன குழுவில் ஒருவர் நம்ம பக்கத்துக்காரர். சிரில் பொன்னம்பெரும, 1923-ல் இலங்கை காலியில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்துப் பட்டம் வாங்கி, பிறகு வேதியியலுக்குப் போனவர். 1969 செப்டம்பர் 28-ல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரில் விண்கல் விழுந்தபோது நாசாவின் ஏம்ஸ் மையத்தில் இருந்தார். அவர் குழு அந்தக் கல்லில் அமினோ அமிலங்களைக் கண்டு 1970-ல் அறிவித்தது.

5/ கை வியர்வை இல்லைன்னு எப்படி நிரூபிச்சாங்க? அமினோ அமிலங்களில் பெரும்பாலானவற்றுக்கு இடக்கை, வலக்கைன்னு ரெண்டு வடிவம் உண்டு, கையுறை மாதிரி. பூமியில் உயிர்கள் புரதம் கட்ட இடக்கை வடிவத்தைத்தான் எடுக்கும். கைபட்டு ஒட்டியிருந்தா இடக்கை தூக்கலா இருக்கணும். மர்ச்சிசன்ல ரெண்டும் ஏறத்தாழ சரிபாதி. போதாக்குறைக்கு, பூமி உயிர்களின் புரதத்துல இல்லாத அமிலங்களும் இருந்துச்சு. பென்னுவிலும் இதே சரிபாதிதான்.

6/ இப்ப உப்புக்கு வருவோம். பென்னு மண்ணில் உப்புநீர் வற்றும்போது படியும் 11 கனிமங்கள் கிடைச்சிருக்கு. சோடியம் கார்பனேட், பாஸ்பேட், அப்புறம் நாம சோத்துல போடுற சோடியம் குளோரைடும்! சுமார் 450 கோடி ஆண்டுகளுக்கு முன், சூரியக் குடும்பத்தின் ஆரம்பத்தில் உருவான ஒரு பெரிய தாய்க்கோள் இருந்துச்சு. அதன் உள்ளே தண்ணீர் தேங்கி, கொஞ்சம் கொஞ்சமா வற்றியிருக்கு. அந்தக் கோள் உடைஞ்ச சிதறல்தான் பென்னு.

7/ மாப்பிள்ளையூரணி, தருவைகுளம் பக்கம் உப்பளத்துல வேலை பார்த்த அண்ணாச்சியிடம் இதைச் சொன்னா ஆச்சரியப்பட மாட்டார். பாத்தி பாத்தியா தண்ணி மாறும்போது முதல்ல சுண்ணாம்பு, அப்புறம் ஜிப்சம் படியும். 25 டிகிரி தாண்டினாத்தான் உப்பு பூக்கும். உப்பு வாரினப்புறம் கசப்புத்தண்ணி மிஞ்சும். பென்னுவில் தண்ணியின் சேர்மானம் வேற, ஆனா ஒண்ணுபின் ஒண்ணா படியுற விதி ஒண்ணுதான். தண்ணி வற்ற வற்ற அதுல கரைஞ்சதெல்லாம் நெருங்கும். நெருங்கினா ஒண்ணோட ஒண்ணு வினைபுரிய வாய்ப்பு கூடும். உயிருக்கு முந்தைய வேதியியலுக்கு இது தோதான இடம்னு விஞ்ஞானிகள் கருதுறாங்க.

8/ இத்தனை விண்கல் விழுந்தும் இந்த உப்பு வரிசை முழுசா ஏன் சிக்கல? ஐப்பசி கார்த்திகைல வீட்டு உப்பு ஜாடியைத் திறந்து பாருங்க, கசிஞ்சு கிடக்கும். இந்த மாதிரி உப்புகள் பூமியின் ஈரம் பட்டாலே கரைஞ்சு மாறிடும். பென்னு மண்ணை மூடிய கலனில் கொண்டுவந்து, நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள் வைத்துக் கையாண்டதால் தப்பிச்சது.

9/ மூலப்பொருள் வேற, உயிர் வேற. அரிசி, பருப்பு, உப்பு எல்லாம் இருக்குங்கறதால சோறு வெந்துடாது. உயிர் ஏன் இடக்கையை மட்டும் எடுத்துச்சுங்கறதுக்கு இன்னும் உறுதியான விடை கிடையாது.

10/ என் கருத்து இதுதான். குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டியாச்சு. நம்ம புள்ளைங்க ராக்கெட்டை அண்ணாந்து பார்த்துக் கைதட்டினா மட்டும் போதாது. அறிவியல் ஆசிரியர்களே, ஒரு நாள் உப்பளத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. டிகிரி அளக்குற தொழிலாளியை அவரே பேசச் சொல்லுங்க. அப்பா அம்மா உப்பளத்துல நிக்கிறதைச் சொல்லக் கூச்சப்படுற பிள்ளை, தன் வீட்டு வேலைக்குள்ள சூரியக் குடும்பத்தின் வேதியியல் இருக்குன்னு தெரிஞ்சுக்கட்டும்.

11/ அடுத்த தடவை “விண்வெளியில் உயிர்”னு ஃபார்வர்ட் வந்தா ரெண்டே கேள்வி கேளுங்க. கிடைச்சது உயிரா, மூலப்பொருளா? பூமியில் ஒட்டலன்னு எப்படிச் சோதிச்சாங்க? பதில் இல்லைன்னா அடுத்தவருக்கு அனுப்பாதீங்க. “அற்புத மருந்து” ஃபார்வர்டுக்கும் இதே மாதிரி கேளுங்க: குணமானது மருந்தாலயா, தானாகவா? எப்படிச் சோதிச்சாங்க?