ரிசீட்டில் ஒரு வெட்டி 'பி'

கடையில் பணம் கட்டியதும் ஒரு துண்டுச் சீட்டு தருகிறார்களே, அதற்கு ஆங்கிலத்தில் ரிசீட் என்று பெயர். எழுதும்போது ஆர், இ, சி, இ, ஐ, பி, டி. அந்த 'பி' அங்கே எதற்கு உட்கார்ந்திருக்கிறது? உச்சரிப்பில் அது இல்லவே இல்லை. எழுத்தை நம்பி "ரிசிப்ட்" என்று படிக்கும் மாணவனைப் பார்த்து வகுப்பே சிரிக்கும். சரி, சத்தம் இல்லையே என்று விட்டுவிட்டு எழுதினால் சிவப்பு மையில் ஒரு சுழி. சொன்னாலும் தப்பு, எழுதாவிட்டாலும் தப்பு!

இதில் சிரிக்கப்பட வேண்டியவன் அந்த மாணவன் இல்லை. காரணம் சொல்லின் கதையிலேயே இருக்கிறது.

14ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அதில் 'பி' கிடையாது. பிரெஞ்சுக்கு முந்தைய லத்தீன் மூலமான 'ரெசெப்டா'வில் (பெறப்பட்டது என்று பொருள்) அந்த ஒலி இருந்தது உண்மைதான். ஆனால் வாய்க்கு வாய் மாறி வந்ததில் அது தேய்ந்துபோனது. பிறகு வந்த லத்தீன் பண்டிதர்கள், சொல்லின் குலப்பெருமை தெரிய வேண்டும் என்று 'பி'யைத் திரும்பக் கொண்டுவந்து நட்டார்கள். எழுத்தில் மட்டும்தான். பேசுகிறவர்கள் கண்டுகொள்ளவில்லை.

கடனைக் குறிக்கும் 'டெட்', சந்தேகத்தைக் குறிக்கும் 'டவுட்' இரண்டிலும் இதே வேலை நடந்திருக்கிறது. (அங்கே நுழைந்தது வேறு 'பி', ஆங்கில அரிச்சுவடியின் இரண்டாம் எழுத்து.) 1598ல் அச்சான ஷேக்ஸ்பியரின் 'லவ்'ஸ் லேபர்'ஸ் லாஸ்ட்' நாடகத்தில் ஹோலோஃபெர்னிஸ் என்று ஒரு வாத்தியார் வருவார். இந்த எழுத்தை உச்சரிக்காமல் விடுகிறார்களே என்று பொங்குவார். நாடகம் கேலி செய்வது அவரைத்தான்.

சரி, மூலத்தைக் காட்டுவதுதான் நோக்கம் என்றால் எல்லாச் சொல்லிலும் காட்டியிருக்க வேண்டாமா? ஏமாற்றைக் குறிக்கும் 'டிசீட்' இதன் உடன்பிறப்பு போன்றது. அதன் லத்தீன் மூலத்திலும் 'பி' உண்டு. ஆனால் இன்றுவரை 'பி' இல்லாமல்தான் எழுதுகிறார்கள். சாமுவேல் ஜான்சன் 1755ல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையில் இந்த இரண்டு சொல்லையுமே எடுத்துக்காட்டி, பெரும்பாலோர் எழுதும் வழக்கத்துக்கு இணங்கித்தான் இப்படி எழுதுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அகராதி போட்டவரே சமாதானம் சொன்ன இடத்தில் பத்தாம் வகுப்பு மாணவனுக்கு மட்டும் அரை மார்க் குறைகிறது! இத்தனை காலம் அச்சில் ஊறிவிட்ட எழுத்தை இனிமேல் பிடுங்க முடியாது, தேவையும் இல்லை. ஆனால் சுழி போடுவதற்கு முன்னால் இந்தக் கதையைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அதற்குப் பிறகு எந்த மாணவனும் அந்த 'பி'யை மறக்கமாட்டான்.

பொருளும் பாதை மாறி வந்ததுதான். பணம் பெற்றதற்கான சீட்டு என்ற பொருள் 1600ஐ ஒட்டித்தான் வந்தது. அதற்கு முன்பே மருந்து தயாரிக்கும் குறிப்புக்கு இந்தப் பெயர் இருந்தது. பிறகு சமையல் குறிப்புக்கும் ஆயிற்று. 1845ல் வந்த எலிசா ஆக்டனின் சமையல் புத்தகத் தலைப்பில்கூட 'ரிசீட்' என்றுதான் இருக்கும், 'ரெசிப்பி' என்று இல்லை. ரெசிப்பி என்பதும் அதே லத்தீன் குடும்பம்தான்: "எடுத்துக்கொள்" என்ற கட்டளை. டாக்டர் சீட்டின் தலையில் ஆர், எக்ஸ் சேர்ந்தது போலத் தெரியும் குறி அந்த ரெசிப்பியின் சுருக்கம்.

நம் ஊர் 'ரசீது' இந்த ரிசீட்டிலிருந்து வந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். ஒலி ஒத்துப்போவது தற்செயல். அது பாரசீகச் சொல், வந்து சேர்ந்தது என்று பொருள். லத்தீன் பண்டிதர் யாரும் அதைத் தொடாததால் சொல்கிறபடியே எழுதிவிடலாம்.