கடை பெயர்ந்தால் மொழியும் பெயரும்

ஒரு நகரத்தை ஆளும் மொழி எதுவென்று அறிய விரும்புவோர் அதன் சட்டமன்றத்திற்குச் செல்ல வேண்டுவதில்லை. கடைத்தெருவிற்குச் சென்றாற் போதும். எம்மொழியில் விலை கேட்கப்படுகிறதோ, எம்மொழியில் கணக்கு எழுதப்படுகிறதோ, எம்மொழியில் கடைக்குப் பெயர் சூட்டப்படுகிறதோ, அம்மொழியே அந்நகரத்தை ஆளும் மொழியாகும். இவ்வளவுகோலைக் கையிற் கொண்டு நம் நகரங்களின் நடுத்தெருக்களை அளந்து பார்ப்போமாயின், தமிழ்நாட்டில் தமிழுக்குள்ள இடம் எத்துணைச் சுருங்கியது என்பது தெற்றெனப் புலனாகும்.

கடைப்பெயர்கள் தமிழில் இருத்தல் வேண்டும் என்னும் கோரிக்கை நம் இயக்கத்தினர்க்குப் புதியதன்று. ஆயினும் இன்று நம் கண்முன் நிகழும் மாற்றம் பெயர்ப்பலகை அளவில் நிற்கவில்லை. பலகையைத் தாங்கி நின்ற கடையே பெயர்த்தெடுக்கப்படுகின்றது. 'நகர மேம்பாடு' என்னும் பெயரால் பழைய கடைத்தெருக்கள் இடித்துக் கட்டப்படுகின்றன, அகலப்படுத்தப்படுகின்றன, அழகு செய்யப்படுகின்றன. பணி முடிந்து திரும்பிப் பார்க்கையில் பழைய கடைகாரர் பலர் ஆங்கிருப்பதில்லை. அவர் போன வழியே அவர்தம் மொழியும் போய்விடுகின்றது. இவ்விரண்டு இழப்பும் ஒன்றே என்பதை நம் அன்பர்கள் உணர வேண்டும். அதற்கு எடுத்துக்காட்டாகத் தலைநகரின் ஒரு தெருவையே காண்போம்.

பெயரிழந்த அங்காடி

சென்னையில் மாம்பலத்து நீண்ட ஏரியைத் தூர்த்து 1920-களில் உண்டாக்கப்பட்டது தியாகராயநகர். பார்ப்பனரல்லாதார் உரிமைக்கென 1916-இல் தோன்றிய நயன்மைக் கட்சியின் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரை அது தாங்கி நிற்கின்றது. ஆங்குள்ள பூங்கா பனகல் அரசரின் பெயரையும், பெருஞ்சாலை முகம்மது உசுமானின் பெயரையும் தாங்குகின்றன. மறைமலையடிகள் தனித்தமிழ் நெறியை மேற்கொண்டதும் அதே 1916-ஆம் ஆண்டில் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. தமிழர் தம்மை உணரத் தலைப்பட்ட காலத்தின் நினைவுச் சின்னமாகவே அந்நகர்ப் பகுதி எழுந்தது எனலாம்.

அதன் கடைத்தெருவிற்குச் 'சவுந்தரபாண்டியனார் அங்காடி' என்று பெயரிட்டனர். பட்டிவீரன்பட்டி ஊ.பு.அ. சவுந்தரபாண்டியனார் 1929-இல் செங்கற்பட்டில் கூடிய முதல் தன்மான இயக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர். இராமநாதபுர மாவட்டக் கழகத்தின் தலைவராயிருந்தபோது, ஒடுக்கப்பட்ட மக்களைப் பேருந்தில் ஏற்ற மறுப்போரின் உரிமம் பறிக்கப்படும் என்று ஆணையிட்டவர். அத்தகையவர் பெயர் என்னவாயிற்று? முன்பாதி உதிர்ந்தது; மதிப்பு விகுதி உதிர்ந்தது; அங்காடி 'பசார்' ஆயிற்று. எஞ்சியது 'பாண்டிபசார்'. புதுச்சேரிக்கும் அத்தெருவிற்கும் ஏதோ தொடர்புண்டு என்று எண்ணுவோரும் இன்று உளர்.

'பசார்' என்பது பாரசீகச் சொல். 'அங்காடி'யோ மதுரைக்காஞ்சியிலும் சிலப்பதிகாரத்திலும் பயின்ற சொல். பகலிற் கூடுவதை நாளங்காடி என்றும், இரவிற் கூடுவதை அல்லங்காடி என்றும் பிரித்து வழங்கினர் நம் முன்னோர். மலையாளிகளும் கன்னடரும் தெலுங்கரும் இன்றும் அச்சொல்லைச் சிறு மாற்றத்துடன் நாவில் வைத்திருக்கின்றனர். பெற்ற தாயாகிய தமிழன் மட்டும் அதனைத் தெருவில் விட்டுவிட்டுப் 'பசார்' என்கின்றான்!

நடப்போர்க்கு இடம், விற்போர்க்கு?

அத்தெருவின் நடைமேடைகளில் நெடுங்காலமாகக் கடை பரப்பியிருந்தோர், உயர் வழக்குமன்ற ஆணைகளை அடுத்து, 2013-இல் பல அடுக்கு வளாகம் ஒன்றிற்குள் மாற்றப்பட்டனர். பின்னர் 2019 நவம்பரில், ஏறத்தாழ 40 கோடி உருவாச் செலவில், அகன்ற நடைமேடைகளும் இருக்கைகளும் கொண்டதாக அத்தெரு திருத்தப்பட்டது. முதியோரும் பெண்டிரும் குழந்தைகளும் ஊர்தி இடிபாடின்றி நடக்க இடங்கிடைத்தது நன்றே. இதனை நாம் குறை கூறோம். நடப்பவனுக்கு இடங்கொடாத நகரம் நகரமன்று.

ஆனால் அதற்கு இட்ட பெயர் என்ன? 'பெடசுட்ரியன் பிளாசா'! அதற்குப் பணம் வந்த திட்டத்தின் பெயர் 'சுமார்ட் சிட்டி'! 1956-இலேயே தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றிய நாட்டில், தலைநகரின் தெருவொன்றைத் திருத்தியமைத்து அதற்குச் சூட்டத் தமிழில் ஒரு பெயர் கிடைக்கவில்லையாம். 'நடைத்தெரு' என்றால் எவருக்குப் புரியாது? அரசே அயற்பெயர் சூட்டிய தெருவில், கடைகாரனைப் பார்த்துத் தமிழ்ப்பெயர் வை என்று சொல்லும் தகுதி அரசுக்கு எங்கிருந்து வரும்?

பெயரினும் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. தெரு அழகுற்றால் மனைவிலை ஏறுகின்றது. மனைவிலை ஏறினால் வாடகை ஏறுகின்றது. நூலும் குண்டூசியும் விற்பவன், ஏனம் விற்பவன், தையற்காரன், பழைய புத்தகம் விற்பவன் ஆகியோர்க்குக் கிடைக்கும் ஊதியம் அவ்வேகத்தில் ஏறுவதில்லை. கட்டட உரிமையாளர்க்கோ ஆறு சிறுகடைகாரரிடம் திங்கள்தோறும் வாடகை தண்டுவதினும், முழுக் கட்டடத்தையும் ஒரே பெருநிறுவனத்திற்கு நெடுங்காலக் குத்தகைக்கு விடுவது எளிது. எனவே பழைய கட்டடம் இடிக்கப்படுகின்றது. புதியது எழும்போது அதன் முன்பணத்தைக் கேட்ட அளவிலேயே பழைய கடைகாரர் ஒதுங்கிக் கொள்கின்றார். எவரும் அவரைக் கழுத்தைப் பிடித்து வெளியேற்றவில்லை; கணக்கே அவரை வெளியேற்றிவிடுகின்றது.

சட்டமும் இவ்விருவரையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. அதே தியாகராயநகரில், வரைமுறை மீறி எழுந்த அடுக்குமாடி வணிகக் கட்டடங்கள் 2011 அக்தோபர் இறுதியில் பூட்டி முத்திரையிடப்பட்டன. பொங்கல் வணிகம் கெடலாகாதென்று 2012 சனவரியில் உச்ச வழக்குமன்ற ஆணையால் அவை மீண்டும் திறக்கப்பட்டன. மாடி மேல் மாடி கட்டியவன் மூன்று திங்களில் தன்னிடத்திற்கு மீண்டான். நடைமேடையில் நான்கு முழ இடத்தில் சாக்கு விரித்தவனுக்கு அத்தகைய பொங்கல் வாய்த்ததில்லை.

பெயர் சூட்டும் கை

இதற்கும் தமிழுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். தொடர்பு மிகப் பெரிது.

தன் கடைக்குத் தானே முதலாளியாயிருப்பவன் தானே பெயர் வைக்கின்றான். அவனிடம் நாம் சென்று பேசலாம்; வாதிடலாம்; ஒரு நல்ல பெயரை எழுதிக் கொடுக்கலாம். அச்சகம், மருந்தகம், உணவகம், இனிப்பகம், அடுமனை ஆகிய பெயர்கள் இன்று பட்டிதொட்டியெங்கும் பலகையேறியிருக்கின்றன. இவை அரசாணையால் மட்டும் பரவியவை அல்ல. ஊர்ப்புறத்துச் சிறுகடைகாரன் ஒருவன் துணிந்து எழுதினான். அடுத்த தெருக்காரன் அதைப் பார்த்து எழுதினான். இப்படித்தான் அவை வேரூன்றின.

பெருநிறுவனத்தின் கிளைக்கடையில் இது நடவாது. அங்கே கடையை நடத்துபவன் தன் கடைப் பலகையின் நிறத்தைக்கூட மாற்ற முடியாது. பெயரும் எழுத்தின் வடிவும் தொலைநகர் ஒன்றில் முடிவு செய்யப்பட்டு, ஒப்பந்தத்தில் எழுதப்பட்டு, அச்சாகி வந்துவிடுகின்றன. அவனிடம் நாம் எவ்வளவு இனிதாகப் பேசினாலும் அவன் கையில் தூரிகை இல்லை. ஒரு சிறுகடை மூடப்படும்போது, தமிழில் பெயர் சூட்டக்கூடிய ஒரு கை குறைந்துவிடுகின்றது.

குறைவது பெயர் மட்டுமோ? பழைய கடையின் கணக்கு மேசையைச் சுற்றி ஒரு சொல்லுலகமே வாழ்ந்தது. பற்று, வரவு, பேரேடு, சிட்டை, ஐந்தொகை, கொள்முதல், கையிருப்பு, நிலுவை, தரகு, கழிவு, கொசுறு என எத்தனை சொற்கள்! துணிக்கடையில் பாவும் ஊடும், கரையும் முன்றானையும் பேசப்பட்டன. பொற்கொல்லன் பட்டறையில் மாற்றும் உரைகல்லும் செய்கூலியும் பேசப்பட்டன. பள்ளியில் படியாதவனும் இச்சொற்களைப் பிழையின்றி ஆண்டான். இன்று கணிப்பொறி துப்பும் துண்டுச் சீட்டில் பொருளின் பெயர் ஆங்கிலம், அளவு ஆங்கிலம், நன்றியுரைகூட ஆங்கிலம். தமிழ்ச்சிறுவன் ஒருவன் கடைக்குச் சென்று திரும்புவதற்குள் ஒரு தமிழ்ச் சொல்லேனும் அவன் காதில் விழும் என்பதற்கு உறுதியில்லை. அகரமுதலியில் அச்சிட்டுக் காப்பதால் மட்டும் சொல் வாழாது. நாள்தோறும் நாவில் புரண்டால்தான் வாழும். அந்நாவிற்குத் தொழில் கொடுத்தது கடைத்தெரு.

எழுத்துத் தமிழும் சொல் தமிழும்

பெயர்ப்பலகைக்குச் சட்டமே இல்லையா எனின், உண்டு. தமிழ்நாட்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளில் 1977-இல் இதற்கெனத் திருத்தம் செய்யப்பட்டது. தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருத்தல் வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிறமொழி மூன்றுக்கும் ஐந்து, மூன்று, இரண்டு என்னும் அளவில் இடம் பகுக்கப்படல் வேண்டும் என்பது முறை. மீறியோர்க்குத் தண்டம் நெடுங்காலம் வெறும் 50 உருவா! அண்மை ஆண்டுகளிலேதான் அது 2,000 உருவாவாக உயர்த்தப்பட்டது. பல கோடிக்கு வணிகம் செய்யும் மாளிகைக்கு இத்தொகை ஒருநாள் விளக்குச் செலவிற்கும் காணாது.

மேலும், இவ்விதி எழுத்தை அளக்கின்றதேயன்றிச் சொல்லை அளக்கவில்லை. 'சில்க்சு', 'டெக்சுடைல்சு', 'சூப்பர் மார்க்கெட்', 'பியூட்டி பார்லர்', 'மொபைல் சர்வீசு' என்று தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதிவிட்டால் அளவும் சரி, சட்டமும் சரி. ஆங்கிலத்திற்குத் தமிழ்ச் சட்டை மாட்டி நிறுத்தினால் அது தமிழாகிவிடுமா? பட்டு மாளிகை, துணியகம், பேரங்காடி, ஒப்பனையகம், கைப்பேசிப் பழுதகம் என்று எழுத எழுத்துக்கும் பஞ்சமில்லை, சொல்லுக்கும் பஞ்சமில்லை. மொழிஞாயிறு பாவாணர் தலைமையில் 1974-இல் தொடங்கப்பெற்ற சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்ககம் இன்றும் இருக்கின்றது. புதிதாகக் கடை திறப்போர்க்குப் பெயர்ப்பட்டியல் வழங்க அதனால் இயலாதா?

வந்தோர் மீது பகையில்லை

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றோம். பிறமொழியாளர் இங்கு வணிகம் செய்வதையோ, வடபுலத்திலிருந்து கூலிக்கு வந்த இளைஞர் கடைகளில் நின்று உழைப்பதையோ நாம் பகைக்கவில்லை. காவிரிப்பூம்பட்டினத்தில் பல நாட்டவரும் பல மொழியினரும் கலந்து இனிது வாழ்ந்ததைப் பட்டினப்பாலை பாடுகின்றது. கடைமுன் கொடி கட்டி, உள்ளே விற்பது இன்னதெனக் காட்டிய வழக்கத்தையும் அந்நூலிற் காணலாம். அவ்வளவு பேர் வந்தும் அத்தெரு தமிழ்த்தெருவாகவே இருந்தது. வந்தவன் நம் மொழியைக் கற்றுக்கொண்டான். ஏனெனில் விற்கவும் வாங்கவும் அது தேவைப்பட்டது. இன்று வருபவனுக்கு அத்தேவையை இல்லாமற் செய்தவர் யார்? கடையில் நுழைந்ததும் அரைகுறை ஆங்கிலத்தில் விலை கேட்கும் நாமே அன்றோ? பசிக்கு உழைக்க வந்தவனைப் பழிப்பது ஆண்மையன்று. அவனுக்குத் தமிழ் கற்பிப்பதே தமிழ்ப்பணி.

செய்யத்தக்கன

தியாகராயநகரில் நிகழ்ந்தது நாளை உங்கள் ஊர்க் கடைத்தெருவிலும் நிகழும். ஆதலின் நாம் வலியுறுத்துவன இவை.

முதலாவதாக, அரசு தன் திட்டங்கட்கும் வளாகங்கட்கும் தமிழ்ப்பெயரே சூட்டுக. சவுந்தரபாண்டியனார் அங்காடி என்னும் பெயரைத் தெருப்பலகை, பேருந்து நிறுத்தம் யாவற்றிலும் முழுமையாகப் பொறித்திடுக.

இரண்டாவதாக, கடைத்தெருவை இடித்துக் கட்டும் எத்திட்டமாயினும், பழைய கடைகாரர் தாங்கக்கூடிய வாடகையில் தம்மிடத்திற்கு மீளும் உரிமை அத்திட்டத்திலேயே எழுதப்படல் வேண்டும். தெருவணிகர்க்கென 2014-இல் இந்திய அரசு இயற்றிய சட்டம், நகர விற்பனைக் குழுவில் பத்தில் நான்கு பங்கிற்குக் குறையாத இடத்தைத் தெருவணிகர்க்கே தந்துள்ளது. அக்குழுவைக் கூட்டாமலும் கேளாமலும் எத்தெருவிலும் கடப்பாரை இறங்கலாகாது.

மூன்றாவதாக, கடை உரிமம் வழங்குமுன் பெயரில் உள்ளது தமிழ்ச் சொல்லா, வெறும் தமிழ் எழுத்தா என்று பார்த்திடுக. பலகை மாட்டிய பின் தண்டம் போடுவதினும், மாட்டுமுன் நல்ல பெயர் கொடுப்பது மேல்.

நான்காவது நம் கடமை. அன்பர்காள்! தமிழ்ப்பெயர் தாங்கிய சிறுகடை உங்கள் தெருவில் ஒன்று இருக்குமாயின், இரண்டு உருவா கூடுதலாயினும் அங்கேயே வாங்குங்கள். தமிழிலேயே கேளுங்கள். சீட்டைத் தமிழில் தரச் சொல்லுங்கள். அயற்பெயர் வைத்திருப்பவர் சிறுகடைகாரராயின், இகழாது அணுகி நல்ல பெயர் ஒன்று சொல்லுங்கள். பலகை எழுதும் செலவில் பங்கேற்க முன்வாருங்கள். அவர் கடைக்கு இடர் வரும் நாளில், தமிழ்ப் பலகையைக் காக்கும் அதே உணர்வோடு அவர் கடையையும் காக்க அவரோடு நில்லுங்கள். கடையை இழந்த பின் பலகைக்காகப் போராடுவதிற் பயனில்லை. கடைகாரனை நிலைநிறுத்துவோம், அவன் கையில் தூரிகையைக் கொடுப்போம், தெரு தமிழாகும்.